அந்தப் பேரில் இங்கே ஒருவரும் இல்லை

அவன் எங்கள் வீட்டில் இருந்த காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பந்துச் சத்தம். பின்வளவில் கராஜ் சுவர் ஒன்று இருந்தது. விடிந்தால் அந்தச் சுவரில் பந்து அடிபடும், திரும்பி வரும், மறுபடி அடிபடும். மழை தூறினாலும் நிறுத்த மாட்டான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் தலையை நீட்டி இரண்டொரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டாள். நான் கைவிடவில்லை. ஜன்னலைத் திறந்து, "அந்தச் சுவர் உனக்கு என்ன கெடுதல் செய்தது?" என்று இங்கிலீஷில் கத்துவேன். "ஸொறி அக்கா" என்று சிரிப்பான். பந்து நிற்காது.

அவன் அமெரிக்கன். இருபது வயது. உதைபந்தாட்டத்தில் ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிக்கிறதுக்கென்றே முன்னுக்கு நிற்கிறவன். தன் நாட்டு அணிக்காகச் சில ஆட்டங்கள் ஆடியும் இருந்தான். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் அமெரிக்க உதைபந்தாட்டக்காரன் என்று சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். அமெரிக்கர் ஆடுகிற மற்ற ஃபுட்போலை நினைத்துத் தலைக்கவசம் எங்கே என்று கேட்பார்கள். அவன் சேர்ந்திருந்த கழகம் கீழ்ப் பிரிவில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒன்று. பேரைச் சொல்லவில்லை. அதன் ஆதரவாளர்கள் நாலைந்து பேர் இன்னும் உயிரோடிருக்கலாம், ஏன் வீண் வம்பு.

எங்கள் வீடு லண்டன் கிங்ஸ்பரியில். முன்னறையை வாடகைக்கு விடுவதாக என் அண்ணை பத்திரிகைக் கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தார். எங்கட ஆட்கள் யாராவது வருவார்கள் என்றுதான் நினைத்தோம். வந்து கதவைத் தட்டியவன் ஆறடி வெள்ளைக்காரப் பொடியன், தோளில் ஒரு பெரிய பை. அண்ணி கதவுக் கண்ணாடியால் பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் உள்ளே ஓடிப்போய் சித்தப்பாவைக் குளியலறைக்குள் தள்ளிப் பூட்டினா. இமிக்ரேஷன்காரன் வந்துவிட்டான் என்பது அவவின் முடிவு. அவன் அறை பார்த்து, பிடித்துப்போய், தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை சித்தப்பா உள்ளே தொட்டி விளிம்பில் குந்தியிருந்தார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அண்ணியின் சித்தப்பா. வீட்டில் எல்லாருக்குமே சித்தப்பா. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். கூப்பன் அட்டையைப் பார்த்து முழுப்பேரை உரத்துக் கூப்பிட்டு அரிசி நிறுத்துக் கொடுத்த மனுசன். ஜெர்மனிக்குப் போய் அங்கே அகதிக் கேஸ் தள்ளுபடியாகி, யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட்டில் லண்டன் வந்து சேர்ந்தவர். இங்கே பதிந்தால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் எங்கேயும் பதியவில்லை. இந்த நாட்டின் கணக்கில் அவர் இல்லை. எங்கள் சோபாவில் மட்டும் இருந்தார்.

அவருக்காக அண்ணை வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார். தெரியாத இங்கிலீஷ் குரல் போனிலோ கதவிலோ வந்து ஒரு பேரைச் சொல்லிக் கேட்டால், எந்தப் பேராக இருந்தாலும், "நோ ஹியர்." அவ்வளவுதான். கவுன்சில் என்றாலும் நோ ஹியர், பெனிபிட் ஒபிஸ் என்றாலும் நோ ஹியர். ஆள் யார், எதற்கு என்று கேட்கவே கூடாது. கேட்டால் கதை நீளும், நீண்டால் மாட்டுவோம் என்பது அண்ணையின் விளக்கம். இந்தச் சட்டத்தால் எனக்குப் பல்வைத்தியரிடம் கிடைத்த நேரம் போனது. ஒருமுறை அண்ணையின் பெட்ரோல் ஸ்டேஷன் மனேஜரே ஷிப்ட் மாற்ற எடுத்தபோது, அண்ணையைப் பேர் சொல்லிக் கேட்டதால், அண்ணி அண்ணையையே இல்லை என்று சொல்லிவிட்டா. அண்ணை பக்கத்தில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு சண்டையும் பிடித்தேன். எனக்கு இந்தப் பயந்த சீவியம் அலுத்துப்போயிருந்தது. ஆனால் என்னுடைய விசாவும் முடிவில்லாமல் ஹோம் ஒபிஸில் கிடந்தது, அதனால் என் வாயும் ஓரளவுக்குத்தான் நீளும்.

பொடியன் வந்த அன்று தன் பேரைச் சொன்னான். முதற்பேர், நடுப்பேர், குடும்பப்பேர், மூன்றும் சேர்ந்து ஒரு முழம். அண்ணி ஒருதரம் சொல்லிப் பார்த்து நாக்குத் தடக்கி நின்றா. "தம்பி எண்டு கூப்பிடுவம்" என்றார் அண்ணை. அதோடு அவனுடைய பேர் முடிந்தது. ஒரு கிழமைக்குள் அவனும் அண்ணை, அண்ணி, அக்கா, சித்தப்பா என்று எல்லாரையும் சரியாகக் கூப்பிடத் தொடங்கிவிட்டான். எங்களுக்கு அது பெருமை. அவனுடைய பேர் என்ன என்று யாரும் திரும்பக் கேட்கவில்லை, நானும்தான். தம்பிக்கு எதற்குப் பேர்?

சித்தப்பாவுக்கும் அவனுக்கும் இடையில் ஒரே ஒரு சம்பாஷணைதான் உண்டு. அவன் பயிற்சி முடிந்து வந்தால் சித்தப்பா சோபாவில் இருந்து நிமிர்ந்து, "சாப்பிட்டியோ தம்பி?" என்பார். அவன், "ஓம்" என்பான். சாப்பிடாவிட்டாலும் ஓம்தான், வேறு சொல் தெரியாது. அப்போது சித்தப்பா எழும்பிப்போய்க் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வருவார். பயிற்சி நேரம் போக, பகல் முழுக்க வீட்டில் அடைபட்டுக் கிடந்த இரண்டு பேர் அவர்கள்தான். ஒருவர் வெளியே போகப் பயந்தவர். மற்றவனைக் கழகம் வெளியே ஆட விடவில்லை.

ஏன் விடவில்லை என்பதுதான் அவனுடைய கதை. வெளிநாட்டு ஆட்டக்காரன் இங்கே ஆட வேலை அனுமதி வேண்டும். அது கிடைக்க அவன் தன் நாட்டு அணியில் தொடர்ந்து ஆடுகிறவனாக இருக்க வேண்டும். நாட்டு அணி கூப்பிட்டால் விமானம் ஏறிப் போவான். திரும்பி வந்து பார்த்தால் கழகத்தில் அவனுடைய இடத்தில் இன்னொருவன் ஆடிக்கொண்டிருப்பான். போகாமல் நின்றால் நாட்டு அணியில் பேர் போகும், பேர் போனால் அனுமதி போகும், அனுமதி போனால் கழகமும் போகும். எங்கள் வீட்டில் உதைபந்தாட்டம் விளங்கியது இந்த வழியால்தான். கோல் யாருக்கும் விளங்கவில்லை. விசா எல்லாருக்கும் விளங்கியது.

"பேசாமல் அசைலம் அடிக்கச் சொல்லு, அகதியெண்டு பதியட்டும்" என்றார் அண்ணை ஒருநாள் சாப்பாட்டு மேசையில்.

"அமெரிக்கன் அசைலம் அடிச்சா பிறகு எங்களுக்கு ஆர் தருவான்?" என்றேன் நான்.

அவனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்தான். ஆனால் மேசைக்குக் கீழே அவனுடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தக் கால் ஒருபோதும் சும்மா இருந்ததில்லை. கதைக்கும்போதும் ஆடும், டிவி பார்க்கும்போதும் ஆடும். எனக்கு எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் நான் வேலை செய்கிற மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கும்போது என்னுடைய காலும் அப்படித்தான் ஆடும். வாசலில் தபால்காரன் போகிற நேரத்துக்கெல்லாம் ஹோம் ஒபிஸ் கடிதம் வந்ததோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். இந்த இடத்தில் ஒரு காதல் கதை வரப்போகிறது என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள். எனக்கு அவன்மேல் இருந்தது பொறாமை. அவனுக்காவது அடிக்க ஒரு சுவர் இருந்தது.

குளிர்காலத்தில் அவனுக்குத் தொடைத் தசை கிழிந்தது. சுகமாகி எழும்பி வந்தபோது அங்கே நாட்டு அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்திருந்தார். இங்கே கழக மனேஜர் அவனைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார். அடுத்த ஆட்டங்களுக்கு உன் நாட்டு அணி உன்னை எடுத்தால் அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்போம். எடுக்காவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது, நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவன் அமெரிக்காவுக்குப் போன் எடுத்துத் தான் சுகமாகிவிட்டதைச் சொல்லி, எங்கள் வீட்டு நம்பரைக் கொடுத்தான். இந்தக் கிழமை ஆட்களைத் தெரிவு செய்கிறோம், உன்னை எடுத்தால் கூப்பிடுவோம் என்றார்களாம்.

அந்தக் கிழமையை நான் மறக்க மாட்டேன். எங்கள் போன் வீட்டு நடையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன மேசையில் இருந்தது. அவன் கீழ்ப்படியில் இருந்தான், காலடியில் பந்து. பந்தை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே போனைப் பார்ப்பான். மேலே போக வேண்டுமென்றால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணியின் தங்கச்சி டொரொண்டோவிலிருந்து எடுத்தால் அண்ணி, "பேந்து எடு, பிறகு எடு" என்று வைத்துவிடுவா. அந்தத் தங்கச்சி கோபித்துக்கொண்டு பிறகு மாசக்கணக்கில் எடுக்கவில்லை. போன் அடித்தால் அவன் ஒரே பாய்ச்சலில் எடுப்பான். எடுத்தால் அது அண்ணையின் சீட்டுக்காரராக இருக்கும். அவனுடைய முகம் விழுவதைப் பார்க்கச் சகிக்காது. காத்திருக்கிற ஆட்கள் நிறைந்த வீட்டில் இன்னொரு ஆளும் வந்து காத்திருந்தால் வீடு தாங்குமா? நான் எல்லாரிலும் பாய்ந்தேன். உப்புக் கூடினதற்கு அண்ணியில் பாய்ந்தேன், செருப்பு வழியில் கிடந்ததற்கு அண்ணையில் பாய்ந்தேன். உண்மையில் எனக்கு அவனுக்கு அந்த அழைப்பு வந்தே ஆக வேண்டும் என்று இருந்தது. இந்த வீட்டில் ஒருவருக்காவது நல்ல செய்தி வரட்டும், பிறகு மற்றவர்களுக்கும் வரும் என்று ஒரு மூடநம்பிக்கை.

வெள்ளிக்கிழமை கழகத்தில் அவனைப் பயிற்சி ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க ஏலாது. அங்கே காலை விடிகிறபோது இங்கே பின்னேரம், அவர்கள் எடுப்பது அந்த நேரத்தில்தான். நான் வேலையில். அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் அப்பொயின்ட்மென்ட். அண்ணைக்குப் பின்னேர ஷிப்ட். மிஞ்சினது சித்தப்பா.

அண்ணை அவரைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார். "தம்பிக்கு அமெரிக்காவிலயிருந்து போன் கோல் வரும். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். ஏழு மணிக்கு எடுக்கச் சொல்லுங்கோ. 'செவன். கோல்.' அவ்வளவும் போதும்."

சித்தப்பா காலையிலிருந்து அதைப் பாடமாக்கினார். நான் வேலைக்கு வெளிக்கிடும்போது முகம் வழித்து, அயர்ன் பண்ணின சேட்டுப் போட்டு, போன் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். "செவன், கோல். செவன், கோல்." வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவரிடம் ஒரு பொறுப்பு ஒப்படைத்ததில்லை. அவருடைய முதுகு நிமிர்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் வேலை முடிந்து வந்தபோது அதே கதிரையில் அதே சேட்டோடு இருந்தார். அண்ணி குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தா.

"வந்ததோ?" என்றேன் சப்பாத்துக் கழற்றாமலே.

"தம்பிக்கு இன்னும் வரேல்ல பிள்ளை. ஆனா வேற ஒரு பிரச்சினை வந்தது, நான் சமாளிச்சுப்போட்டன்."

"என்ன பிரச்சினை?"

"ஆரோ ஒரு வெள்ளை. ஒரு நீட்டுப் பேர் சொல்லிக் கேட்டான். 'நோ ஹியர்' எண்டு வைச்சன். திரும்ப எடுத்தான். அதே பேர். ஹோம் ஒபிஸ்தான் எண்டு எனக்கு விளங்கிட்டுது, இல்லாட்டி ஏன் விடாமல் எடுக்கிறான்? 'நோ ஹியர், நெவர் ஹியர்' எண்டு சத்தமாச் சொல்லிப்போட்டு வைச்சன். பிறகு எடுக்கேல்ல." அவர் சிரித்தார். "உன்ர அண்ணை சொன்னபடி, ஆர் எவர் எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்ல."

நான் குசினிப் பக்கம் திரும்பினேன். "அண்ணி, தம்பியின்ர பேர் என்ன?"

அண்ணி குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றா. வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஏழு மாசம் ஒரே பானைச் சோறு தின்றவனுடைய பேர் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் முன்னறைக்குள் ஓடிப்போய் அவனுடைய பழைய பையை இழுத்து எடுத்தேன். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் பேர் அச்சடித்திருந்தது, முழுப்பேர். கொண்டுவந்து சித்தப்பாவுக்கு முன்னால் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். முதற்பேருக்குப் பேசாமல் இருந்தார். நடுப்பேரில் கண் சுருங்கியது. குடும்பப்பேரை நான் வாசித்து முடிக்கவில்லை, அவரே முடித்தார்.

"எங்கட தம்பிக்கு இப்பிடியொரு பேரோ?" என்றார்.

தம்பி ஏழு மணிக்கு முன்னமே ஓடி வந்துவிட்டான், தலைமயிர் இன்னும் ஈரம். பயிற்சி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. நான்தான் சொன்னேன். இங்கிலீஷில் சொல்லக்கூடியது அப்போது வீட்டில் நான் ஒருத்திதானே. எங்கள் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன், சித்தப்பா ஏன் பயந்தார் என்று சொன்னேன். அவன் முழுக்கக் கேட்டான். பிறகு போனை எடுத்து அமெரிக்காவுக்கு அடித்தான். நெடுநேரம் ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு மாற்றினார்கள். கடைசியில் யாரோ கதைத்தார்கள். இவன், "யெஸ் சேர், ஐ அண்டர்ஸ்டாண்ட் சேர்" என்றான்.

வைத்துவிட்டு என்னிடம் சொன்னான். அந்த வீட்டில் அப்படி ஒரு ஆள் ஒருபோதும் இருந்ததில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதாம். அங்கே மத்தியானத்துக்குள் ஆட்களை முடிவு செய்ய வேண்டியிருந்ததாம். அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டார்களாம். அடுத்த முறை பார்ப்போம் என்றார்களாம்.

அவன் கத்தியிருக்கலாம். கத்த வேண்டும் என்று நான் விரும்பினேன். நானாக இருந்தால் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அவன் சித்தப்பாவைப் பார்த்து, "இட்ஸ் ஓகே சித்தப்பா" என்றுவிட்டுப் பின்வளவுக்குப் போனான். நான் குசினி ஜன்னலடியில் நின்று காது கொடுத்தேன். பந்துச் சத்தம் வரும் என்று நின்றேன். வரவேயில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை, அன்றைக்கு அழுதுவிட்டேன்.

சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. அடுத்தநாள் காலையில் நான் எழும்பி வரும்போது அண்ணையின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கை நீளம் காணாது.

"பிள்ளை, என்னை அந்தக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போ."

"என்னத்துக்கு?"

"நான்தான் சொன்னனான் எண்டு நான்தான் சொல்ல வேணும். தம்பி பொய் சொல்லுறான் எண்டு அவங்கள் நினைக்கக் கூடாது."

அண்ணை இரவு பிந்தி ஷிப்ட் முடிந்து வந்த களையோடு பாய்ந்து எழும்பினார். "சித்தப்பா, உங்களுக்கு விசர் கிசரோ? அங்க ஒபிஸ் இருக்கு, ஆட்கள் இருக்கினம். பேர் கேப்பாங்கள். பிடிச்சா என்ன செய்யிறது?"

"பிடிக்கட்டும்."

"ஜெர்மனிக்கு அனுப்புவாங்கள். அங்கயிருந்து கொழும்புக்கு."

"அனுப்பட்டும். அந்தப் பொடியனை என்ர வாயால அனுப்பிப்போட்டன். நான் மட்டும் இஞ்ச இருந்து என்ன செய்யிறது?"

நான் என்னுடைய கோட்டை எடுத்துப் போட்டேன்.

டியூப் ரயிலில் அவர் இருக்கை நுனியில்தான் இருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யூனிபோர்ம் போட்ட யார் ஏறினாலும் அவருடைய கை என்னுடைய கையைத் தேடியது. அது டிக்கெட் பார்க்கிறவன் என்று சொன்னால் தலையாட்டுவார், கையை விடமாட்டார். எனக்கும் பயம்தான். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவோமா என்று இரண்டுதரம் யோசித்தேன். அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

கழக மனேஜர் ட்ராக்சூட் போட்ட பருத்த மனுசர். ஒபிஸ் என்பது ஒரு சின்ன அறை, நாலு பக்கமும் சப்பாத்துப் பெட்டிகள், ஜன்னலுக்கு வெளியே மைதானம். தம்பி அங்கே ஓடிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் ஓட்டத்தை விட்டு, முள்ளுச் சப்பாத்தோடு டக் டக் என்று உள்ளே வந்து கதவடியில் நின்றான். நான் விளக்கத் தொடங்கினேன். சித்தப்பா என் தோளில் தட்டி நிறுத்தினார்.

"முதல்ல என்ர பேரைச் சொல்லவேணும்."

அவரே சொன்னார். ஊரின் பேர், தகப்பன் பேர், தன் பேர். சங்கக்கடையில் கூப்பன் கூப்பிட்ட குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அறை முழுக்கக் கேட்டது. அந்த நாட்டில் அவர் அதுவரை எந்த வெள்ளைக்காரனுக்கும் சொல்லாத பேர். உண்மையைச் சொன்னால், அவருடைய முழுப்பேரை நானும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

மனேஜர் கதிரையை விட்டு எழும்பினார். கை கொடுத்துத் தன்னுடைய பேரைச் சொன்னார். பிறகு நான் நடந்ததைச் சொல்ல, இடைமறிக்காமல் கேட்டார். தான் அமெரிக்காவுக்குக் கதைப்பதாகச் சொன்னார். கதைத்தும் இருக்கிறார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

வெளியே வரும்போது தம்பி சித்தப்பாவை மறித்து, பேரை இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டான். சித்தப்பா சொன்னார். அவன் திருப்பிச் சொன்னான், பிழை. சித்தப்பா திருத்தினார். மறுபடி பிழை. வழியில் போகிற ஆட்டக்காரர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்கள். மைதான ஓரத்தில் குளிரில் நின்று இருவரும் விடாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் 'ழ' உட்பட எல்லாம் சரியாக வந்தபோதுதான் அவன் ஓடப் போனான்.

அதனால் ஒன்றும் மாறவில்லை. அவனுடைய இடத்தில் போனவன் அங்கே கோல் அடித்தான். அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. கோடை தொடங்க முன் தம்பி போனான். அண்ணி மிக்சரும் பயத்தம் பணியாரமும் கட்டிக் கொடுத்தா. அவன் போய்ச் சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் ஒரு பழைய பந்தை எங்கள் பக்கம் எறிந்தாள். "எங்கே அவன்? சத்தத்தைக் காணவில்லையே" என்றாள். சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

சித்தப்பா அந்தக் கிழமையே ஒரு சொலிசிட்டரிடம் போய்த் தன் பேரில் கேஸ் போட்டார். அண்ணை எவ்வளவோ தடுத்தார். "ஒருத்தனுக்குச் சொல்லியாச்சு. இனி மற்றவங்களுக்குச் சொல்ல என்ன?" என்றார் சித்தப்பா. இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் அவருக்கு விசா கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. சித்தப்பா அண்ணையின் பெட்ரோல் ஸ்டேஷனிலேயே கல்லாவில் இருக்கத் தொடங்கினார். சட்டையில் அவருடைய பேர் எழுதின சின்னத் தகடு. முதல்நாள் அதைக் குத்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் கனநேரம் நின்றார்.

தம்பி எங்களுக்கு எழுதவில்லை. நாங்களும் எழுதவில்லை, எழுத விலாசம் இல்லை. அந்தக் காலத்தில் அவனுடைய நாட்டில் பெரிய லீக் எதுவும் இல்லை. கூரைக்குக் கீழே சின்ன மண்டபங்களில் ஆடும் பந்தாட்டம்தான், சுவரில் பட்டுத் திரும்புகிற பந்து. அதிலே அவன் ஆடினான் என்று எப்போதோ பத்திரிகையின் மூலையில் பார்த்தேன். சுவர் அவனுக்குப் பழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். மனது ஆறவில்லை.

பிறகு உலகக் கிண்ணம் அவனுடைய நாட்டிலேயே நடந்தது. அணியில் அவனுடைய பேர் இருந்தது. இந்த முறை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பேர் தெரிந்திருந்தது, பிழையில்லாமல் சொன்னார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் மாற்றாட்டக்காரர் இருக்கிற வாங்கில் கால் ஆட்டிக்கொண்டு இருந்தான். ஒரே ஒரு ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடங்களுக்கு விட்டார்கள். ஒரு பந்து வந்தது. வந்த வேகத்தில் திரும்பி அடித்தான், கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அண்ணை தலையில் கை வைத்தார், நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். சித்தப்பா அறையிலேயே இல்லை. மாடிப்படியில், போனுக்குப் பக்கத்தில் முதுகு காட்டிக்கொண்டு இருந்தார். அவன் களத்தில் இருந்த அந்த நேரம் முழுக்க அவரால் பார்க்க முடியவில்லை.

அந்த வருசமே அவனுடைய அணி வெம்பிளி மைதானத்துக்கு ஆட வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அண்ணை டிக்கெட் எடுக்கலாம் என்றார். சித்தப்பா வேண்டாம் என்றார். "எந்த முகத்தோட போய்ப் பாக்கிறது?" இத்தனைக்கும் அவன் ஒரு சொல் குறைப்பட்டவனில்லை.

ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம். எல்லாரும் வீட்டில் இருந்தோம். போன் அடித்தது. சித்தப்பா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டு கீழ்ப்படியில் இருந்ததால் அவர்தான் எடுத்தார். கேட்டார். "நோ ஹியர்" என்று டப்பென்று வைத்தார்.

"ஆர் சித்தப்பா?" என்றேன்.

"ஆரோ வெள்ளை. என்ர முழுப்பேரைச் சொல்லிக் கேக்கிறான் பிள்ளை. தகப்பன் பேர், ஊர், எல்லாம் சொல்லுறான்." அவர் போனைக் கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டார். விசாக் கடிதம் இருக்கிறது, சட்டையில் பேர்த் தகடு இருக்கிறது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. "எனக்கெல்லாம் கிடைச்சிட்டுதே. இனி என்னத்துக்குத் தேடுறாங்கள்?"

எனக்கு விளங்கிவிட்டது. "எப்பிடிச் சொன்னவன்? 'ழ' சரியா வந்ததோ?"

அவர் என்னையே பார்த்தார். போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. அண்ணை ஹோலில் இருந்து எழும்பி வந்தார், அண்ணி குசினியால் வந்தா. ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சித்தப்பா எழும்பி நின்று, சேட்டை இழுத்து நேராக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய ஊரும் தகப்பன் பேரும் அவருடைய பேரும் எங்களுக்கே கேட்கும்படி வந்தன.

"யெஸ்" என்றார் சித்தப்பா. "ஐ ஆம் ஹியர்."

பிறகு இங்கிலீஷ் முடிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சாப்பிட்டியோ தம்பி?"